முதுகைக் காட்டிய ஆன்டெனா

ஜூன் 3, 2025

ஓய்வுபெற்று மூன்றாம் நாள். மொட்டை மாடியைக் கூட்டினேன். பழைய டிவி ஆன்டெனா துருப்பிடித்த குழாயில் இன்னும் நிற்கிறது. என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் சாகும்வரை அதைக் கழற்ற விடவில்லை. நீளமான கம்பிதானே முன்பக்கம், அது கிழக்கே இருப்பதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன் – இலங்கை நிகழ்ச்சி பார்க்க மாட்டியது! ஏஞ்சலினுக்கு போன் போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். இருபத்தெட்டு வருடம் இயற்பியல் நடத்திய வாய். மகள் பாவம், எட்டு முறை "சரிம்மா" சொன்னாள்.

ஜூன் 5

ஆன்டெனாவை ரேடியோவோடு இணைத்தேன். கொடைக்கானல் பண்பலைக்காக நீளக் கம்பியை மேற்கே திருப்பினேன். இரைச்சல்.

ஜூன் 6

இரைச்சல்.

ஜூன் 7

பக்ரீத். பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வாசனை. முன்பெல்லாம் கமர்ஜஹான் தூக்குவாளியில் கொண்டுவருவாள். பெலிக்ஸ் அடக்கத்துக்கு வராதவளோடு எனக்கென்ன பேச்சு? இரண்டு வருடமாகப் பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

ஜூன் 8

பேசிவிட்டேன்.

மாடியில் ஆன்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கமர்ஜஹான் பொறுக்கமாட்டாமல், "டீச்சர், அது கொடைக்கானலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது" என்றாள். "சின்னக் கம்பிதான் முன்பக்கம். எங்க வீட்டுக்காரருதான் இத மாட்டுனாரு. கொடைக்கானலப் பாக்கத்தான்."

போயிற்று என் இலங்கை.

"நீங்க திருப்புங்க. நான் கீழ நின்னு கேட்டுச் சொல்றேன்" என்று வீட்டுக்குள் வந்தே விட்டாள். "வரல... வரல... செத்த இந்தப் பக்கம்... வந்துருச்சு டீச்சர்!"

இறங்கிவந்தால், பெலிக்ஸ் படத்துக்கு முன்னால் நிற்கிறாள்.

"அன்னைக்கு வந்தேன் டீச்சர். கல்லறைத் தோட்டத்துல பின்னாடி நின்னேன். நீங்க இருந்த இருப்புல என்னையப் பாக்கல. மறுநா வாசல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. என்ன கோவமோன்னு நானும் விட்டுட்டேன்."

வந்திருக்கா. ஒரு வார்த்தை கேட்டேனா? நானா முடிவு பண்ணி, நானா கோவிச்சு... ரெண்டு வருசம். என்ன டீச்சரோ நான்!

அழுதேன். ரேடியோவில் உர விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 9

இலங்கையை வாபஸ் வாங்குவதாக ஏஞ்சலினிடம் சொன்னேன். போனை வைக்கும்வரை சிரித்தாள்.

ஜூன் 21

ரேடியோவில் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. என்றைக்குத் தீர்ந்ததென்று தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் கமர்ஜஹான் வந்துவிடுகிறாள். போட்டுப் பார்க்கவே நேரமில்லை.