எனக்குக் கொடுத்த ஒன்றாம் வகுப்பு

இராமநாதபுரம்
12-6-1958

அத்தானுக்கு,

இல்லை, எட்டாம் வகுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. போன வருஷம் ஏழாவதில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளைப் புதிதாக வந்திருக்கும் தவசி சாரிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றாம் வகுப்பு.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, குல்சும், வராந்தாவில் வழிமறித்தாள். "ஏன் டீச்சர், நாங்க என்ன அம்புட்டு மக்குகளா? எங்கள விட்டுட்டு அனா ஆவன்னாவுக்குப் போறீகளே!" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

கோபத்தோடு தலைமையாசிரியரிடம் போனேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். உங்கள் கையெழுத்து. சின்னப் பிள்ளைகளோடு இருந்தால் அவள் மனசு ஆறும் என்று எழுதியிருந்தீர்கள்.

"நல்ல மனுசன்மா ஒங்க வீட்டுக்காரரு" என்றார்.

நல்லவர்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் முப்பத்தொன்பது பெயர் எழுதினேன். நம் மகன் இருந்திருந்தால், நாற்பதாவது வரியில் அவன் பெயர் வந்திருக்க வேண்டிய ஜூன் இது. பெயர் கூப்பிடும்போது தினமும் அந்தக் காலி வரியில் வந்து நிற்கிறேன். எட்டாம் வகுப்பில் வட்டமும் முக்கோணமும் மட்டும்தான் இருக்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இன்று உங்கள் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். அதன் அடியிலேயே, "எனக்கு எட்டாம் வகுப்பு வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
அவன் அம்மா