கடைசியாக நீ கேட்டது

என் உயிர் மாப்பிள்ளை தாமுவுக்கு,

நான் அன்றைக்கே சொன்னேன். உன் பதினாறாம் நாள் படையலில், வந்திருந்த ஐம்பது பேர் காதிலும் விழுகிற மாதிரி, உன் மகனைக் காட்டி, "இந்தப் பையன் ஒரு முழுங்கோட நிக்கமாட்டான், எழுதி வெச்சிக்கோங்க" என்று சொன்னவன் இந்த ஏழுமலைதான். எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஐம்பது பேர் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. எட்டுப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் நான் சொன்னது சொன்னதுதான், நடந்தது நடந்ததுதான்.

அப்படிச் சொன்னபோது என் கையில் என்ன இருந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன். எழுதித்தான் ஆகவேண்டும். நாளைக்கு உன் மூன்றாம் வருஷப் படையல். உன் படத்துக்கு முன்னால் நின்று இதை எல்லாரும் கேட்கப் படிக்கப்போகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. என் தங்கை கௌரி, உன் பெண்டாட்டி, நன்றாக இருக்கிறாள். உன் ரிப்பேர் பெட்டியை இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருக்கிறாள். ஸ்பேனர் துருப்பிடிக்கக் கூடாதென்று எண்ணெய் போட்டுத் துடைக்கிறாள். நொச்சிக்குப்பத்தில் எந்தப் போட் எஞ்சின் மக்கர் பண்ணினாலும், "தாமு இருந்தா காதால கேட்டே சொல்லிடுவான்" என்கிறார்கள். அந்த வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பந்தல் கட்டுகிறவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

உன் மகன் அருண் விஷயத்துக்கு வருகிறேன். தி.நகரில் ஒரு நகைக்கடையில் செயின் கவுண்டரில் நின்றான், உனக்கே தெரியும். ஒரு நாள் கல்யாணப் பெண் ஒருத்தி செயின் போட்டுப் பார்க்க உட்கார்ந்திருக்கிறாள். இவனுக்குக் கொக்கியை மாட்ட முடியவில்லை. கை அப்படி நடுங்கியிருக்கிறது. பெண்ணின் அப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றாராம். அன்றைக்கே வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவனுக்குக் காலையிலேயே குடி ஆரம்பித்துவிடும். ஒரு நாள் ஹவுசிங் போர்டு படிக்கட்டில் உருண்டு நெற்றி பிளந்தது. இருபத்தாறு வயது, தாமு.

கே.கே. நகர் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். நான்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் விசாரித்தது, கெஞ்சியது, கூட்டிப்போனது எல்லாம் கௌரி. நான் ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொன்னேன். அதையும் தப்பாகச் சொன்னேன்.

ஒரு நாள் வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். அங்கே ஒரு மேடம். அதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. அருணைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏன் ஆரம்பிச்சீங்கன்னு நான் கேக்கல. உங்களால நிறுத்த முடியாதுன்னு ஏன் நெனக்கிறீங்க?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்கப்பா ஒம்போது வருஷம் தொடாம இருந்தாரு மேடம். அவ்ளோ வைராக்கியம். அவரே ஆஸ்பத்திரில கடைசியா, ஒரு குவார்ட்டர் வாங்கியான்னுதான் கேட்டாரு. அப்போ ஒம்போது வருஷமும் உள்ள அதுதான இருந்துகீது? அவராலயே முடியலன்னா நான்லாம் இன்னாத்துக்கு?"

"அவர் கேட்டப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல மேடம். மாமாதான் இருந்தாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மண்டபத்தில் மைக் பிடித்தால் கீழே வைக்காதவன் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஃபேன் கொஞ்சம் மெதுவா சுத்துது மேடம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் கௌரி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோடம்பாக்கம் பாலம் தாண்டியதும் சொன்னாள்: "குடிய விட்டப்புறம் அவரு என்கூட சந்தோசமா கீறாருன்னு நெனச்சிகினு இருந்தேன்ணா. பல்லக் கடிச்சிகினுதான் இருந்திருக்காரு போல."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சிக்னல் விழுந்தது, ஹாரன் அடித்தார்கள், அந்தச் சாக்கில் இருந்துவிட்டேன்.

அருண் இப்போது வீட்டில்தான் இருக்கிறான். ஒவ்வொரு நாளாகத் தள்ளுகிறான். வாய் நமநமக்கும்போது உன் ரிப்பேர் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பழைய எஞ்சினைப் பிரிக்கிறான், மாட்டுகிறான். நேற்று உன் படத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, படையல்ல அந்த பாட்டில வெச்சே ஆவணுமா?"

கௌரி முந்திக்கொண்டாள்: "வெக்காம எப்டிடா? கடைசியா கேட்டதாச்சே. கோச்சிப்பாரு."

"அப்போ வெச்சிக்கோம்மா. நான் அன்னிக்கு எங்கனா வெளிய போய்டறேன். அதும் பக்கத்துல என்னால நிக்க முடியாது."

அப்பன் படையலுக்குப் பெற்ற மகன் வீட்டில் இல்லாமல் போகிறான். கற்பூரம் யார் காட்டுவது? நானா?

உன் வீட்டுச் சட்டம் உனக்கு நினைவிருக்கும். குடித்தவன் யாராக இருந்தாலும் வாசல்படி ஏறக்கூடாது. மச்சானென்றும் பார்க்கமாட்டாய். நான் போட்டுக்கொண்டு வந்தால் கீழ்ப்படிக்கட்டிலேயே நிறுத்திவிடுவாய். ஆனால் என்னை விரட்டியதில்லை. நீயும் இறங்கி வந்து, கையில் ரோஸ்மில்க் பாட்டிலோடு பக்கத்தில் உட்காருவாய். "இன்னா மாப்ளே, சின்னப் பொண்ணு குடிக்கிறத குடிச்சிகினு?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். "நான் நாளைக்கு காலைல நாலு எஞ்சின் பாப்பேன். நீ பந்தலுக்கு நட்ட கம்பு நேரா நிக்குமா பாரு" என்பாய்.

இப்போது அந்தப் பதினாறாம் நாள். உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள்: வஞ்சிரம் வறுவல், வடை, வெற்றிலை. ஒன்பது வருஷமாகப் பாட்டில் நுழையாத வீடு. என் பையில் ஒரு குவார்ட்டர் இருந்தது. உனக்காக வாங்கியது அல்ல தாமு, எனக்காக. காரியம் முடிந்ததும் மொட்டைமாடியில் ஓர் ஓரமாக ஊற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தது. கௌரி துண்டு எடுக்கப் பையைத் திறந்தவள், பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னாண்ணா இது?" என்றாள். எட்டுப் பேரும் திரும்பினார்கள்.

கண் இமைக்கும் நேரத்தில் கதை வந்துவிட்டது. அந்த வரம் எனக்கு உண்டே. "எம்மா, உன் புருஷன் கடைசியா எங்கையப் புடிச்சிகினு, மச்சான் ஒரே ஒரு குவார்ட்டர்னு கேட்டான்மா. வாங்கித் தர்றதுக்குள்ள போய்ட்டான்" என்றேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கடைசி நேரத்தில் கௌரி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். உன் பக்கத்தில் நான் மட்டும்தான். யார் மறுக்கப்போகிறார்கள்? அவளே அழுதுகொண்டு பாட்டிலை உன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

படையலில் வைத்ததை வீணாக்கக்கூடாதே. எடுத்து ஊற்றினேன். அதுவரை தொட்டுப் பார்க்காத உன் மகனிடம், "உங்க அப்பன் ஆசடா நைனா, தட்டக்கூடாது" என்று டம்ளரை நீட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுங்கு குடித்தான். அப்போதுதான் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், ஒரு முழுங்கோடு நிற்கமாட்டான் என்று. முதல் வரியில் பீற்றிக்கொண்டேனே, அந்த ஜோசியம் இதுதான். பாட்டில் என் கையில்தான் இருந்தது.

மூன்று வருஷமாக அந்தக் கதையைக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உன் பிடி இறுகிக்கொண்டே போனது. போன தடவை நகம் பதிந்ததாகச் சொன்னேன்.

நானும் விடப்பார்க்கிறேன். அந்த மேடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தொடவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை வழுக்கினேன். அடுத்த வியாழக்கிழமை அருண் மையத்துக்குப் போகும்போது நானும் போய் அவன் பக்கத்தில் உட்காரப்போகிறேன். துணைக்கு வந்த மாமாவாக இல்லை, குடிக்கிறவனாக. நாளைக்கு இதைக் கேட்டதும் அவன் என் சட்டையைப் பிடிக்கலாம். கௌரி இனி என்னை அண்ணா என்று கூப்பிடாமல் போகலாம். பிடிக்கட்டும். கூப்பிடாமல் இருக்கட்டும். ஆனால் அவன் வீட்டில் இருக்கவேண்டும். அவன் கையால் உனக்குக் கற்பூரம் காட்டவேண்டும்.

கௌரி, அருண், நீங்கள் இரண்டு பேரும் கேளுங்கள். தாமு குவார்ட்டர் கேட்கவில்லை. அது நான் கட்டியது. கையைக்கூடப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வெயிலில் வேலை முடித்து வந்தவன் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டான்: "குளத்தாண்ட கடைல ஜில்லுனு ஒரு ரோஸ்மில்க் வாங்கியாயேன் மச்சான்." அவ்வளவுதான். ஒன்பது வருஷமும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை. உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. விட்டான், விட்டே போய்ச் சேர்ந்தான்.

அதற்கு நான் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது தாமு. எழுந்து போகச் சோம்பல்பட்டு, "நாளைக்கு வாங்கியாறேன்" என்றேன்.

நாளைக்கு வாங்கி வருகிறேன், மாப்ளே.

கௌரிக்கு அண்ணன், அருணுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான்
ஏழுமலை