இருபத்தொன்று வேண்டாம், இருபது போதும்

அன்புள்ள ஏகாம்பரம்,

உங்களைப் பெயர் சொல்லி அழைக்க இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆபீஸ் பஸ்ஸில் நான் உங்களை ‘டிரைவர்’ என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் என்னை முதலில் ‘சார்’ என்றீர்கள். பிறகு, என் அனுமதியைக் கேட்காமலே, ‘அண்ணாத்த’ என்றீர்கள். வரிசை எண் போடாமல் எனக்கு எழுத வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே, சொல்ல வேண்டியவை:

1. நீங்கள் கொடுத்த குரோஷா ஊசி பத்திரமாக இருக்கிறது.
2. நீங்கள் காட்டிய பின்னல் மறக்கவில்லை.
3. என் கை நடுக்கத்தை நீங்கள் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது அது தொடங்கியது. கல்பாக்கத்தில் வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு வலது கை ஆடினால் என்ன ஆகும்? முப்பது வருடம் உட்கார்ந்த மேஜையிலிருந்து எழுப்பி, பழைய காகிதக் கட்டுகள் இருக்கும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். ராஜத்திடம்கூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து என் மனைவி பரிதாபப்படுவதை நினைத்தாலே தாங்க முடியவில்லை.

கேன்டீனில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, சவுக்கு மர நிழலில் நின்ற உங்கள் பஸ்ஸில் போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். நீங்கள் இஞ்சின் பெட்டிமேல் காலை நீட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு உறை பின்னிக்கொண்டிருப்பீர்கள். சதுரங்கப்பட்டினத்தில் வலை முடைந்து வளர்ந்த கை. குரோஷாவை உங்கள் மனைவி கன்னியம்மாவைப் பார்த்தே கற்றுக்கொண்டதாகச் சொன்னீர்கள். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போய் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டேன்.

“இன்னா சார், கை இந்த ஆட்டம் ஆடுது?”

“ஒன்றுமில்லை. குளிர்.”

“சித்திரை மாசத்துல குளுருதா?” என்று சிரித்தீர்கள். அப்புறம் ஊசியை நீட்டினீர்கள். “இந்தா, புடி. சும்மா வச்சிகினு இருந்தா அது பாட்டுக்கு ஆடிகினுதான் இருக்கும். வேலை குடு.”

“யாராவது பார்த்தால்?”

“பாக்கட்டுமே. இவ்ளோ பெரிய பஸ்ஸுல குந்திகினு நான் பின்றேன், என்னை எவன் இன்னா கேட்டான்?”

எவ்வளவு எளிய பின்னல் அது! முதலில் ஒரு சங்கிலி. அதன்மேல் ஒரு குட்டைக் கண், ஒரு நெட்டைக் கண். குட்டைக்கு ஊசியைக் குத்தி நூலை இழுத்து முடித்துவிடலாம். நெட்டைக்கு மட்டும் குத்துவதற்கு முன்பே நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். குட்டை, நெட்டை, குட்டை, நெட்டை. திருப்பி அடுத்த வரிசையையும் குட்டையிலேயே தொடங்கினால் நெட்டைமேல் குட்டை, குட்டைமேல் நெட்டை. அவ்வளவுதான், துணி சீத்தாப்பழத் தோல்போலப் புடைத்து வரும்.

எனக்கு வரவில்லை. நாலு நாள் பின்னினேன். குட்டைமேல் குட்டை, நெட்டைமேல் நெட்டை என்று கம்பி கம்பியாக நின்றது. ஒவ்வொரு வரிசையையும் சிறிய நோட்டில் குறித்துச் சரிபார்த்தேன், பிழை அகப்படவில்லை. என் கைதான் காரணம், இனி இதற்கும் நான் லாயக்கில்லை என்று ஊசியை உங்களிடமே திருப்பித் தந்தேன். நீங்கள் துணியை வாங்கி, விரல் வைத்து எண்ணினீர்கள்.

“இருபத்தொண்ணா? எதுக்கு அண்ணாத்த இருபத்தொண்ணு?”

“நல்ல காரியம். ஒற்றைப்படையில் தொடங்கலாமே என்று...”

பஸ் அதிரச் சிரித்தீர்கள். “இன்னா மொய்யா எழுதுற? ஒத்தையா வந்தா குட்டையில ஆரமிச்சு குட்டையிலயே முடியும். திருப்புனா குட்டை தலைமேலயே குட்டை ஏறி குந்திக்கும். இருபது போடு. உன் கை மேல தப்பு இல்ல, கணக்குதான் தப்பு.”

என் கைமேல் தப்பில்லை என்று அந்த வருடம் என்னிடம் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் ஆடுகிற கையாலும் ஒரு காரியத்தை முடிக்கலாம் என்று தெரிந்தது. அந்தத் தெம்போடுதான் மீதி நாட்களும் அதே மேஜையில் உட்கார்ந்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். உங்களுக்கு நன்றி சொன்னேனா? மாலை போட்ட அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, “வருகிறேன் டிரைவர்” என்று சொன்னதாகத்தான் ஞாபகம்.

நீங்கள் இறந்துபோன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. போன வாரம் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி உங்கள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் பாதியில் விட்ட ஸ்டியரிங் உறையைக் கன்னியம்மா எடுத்து வந்து கொடுத்தார். உங்கள் மருமகன் வேன் வாங்கியிருக்கிறாராம், அதற்காகத் தொடங்கினீர்களாம். பேச்சோடு பேச்சாக, “இப்ப கை எப்டி கீது சார்?” என்று கேட்டார். நான் திடுக்கிட்டேன்.

“அவுரு அப்பவே உங்க வூட்டுக்குப் போயி அக்காகிட்ட சொல்லிட்டாரே! ‘டம்ளர ரொப்பாத, பாதி பாதியா ஊத்து. நான் சொன்னேன்னு மட்டும் அவுராண்ட சொல்லிடாத, ஒடஞ்சிடுவாரு’ன்னு.”

இத்தனை வருடமாக ராஜம் எனக்குக் காபியை அரை டம்ளராக இரண்டு தடவை தருகிறாள். “சூடு ஆறாமல் இருக்கும்” என்பாள். நானும் நம்பினேன். உலகத்துக் கோடுகளையெல்லாம் சரிபார்த்தவன், தினம் காலையில் கையில் வாங்கிய டம்ளரைப் பார்க்கவில்லை.

நேற்று, “முழுசா ஊத்து ராஜம்” என்றேன். என்னை ஒரு கணம் பார்த்தாள். விளிம்புவரை ஊற்றினாள். கொஞ்சம் சிந்தியது. அடியில் விரித்திருந்த, அன்று உங்கள் பஸ்ஸில் நான் பின்னி முடித்த இருபது கண் துணி குடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உங்கள் உறையை நான் முடித்துக் கொடுப்பேன், ஏகாம்பரம். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் இரட்டைப்படையில்.

மேலே உள்ள பட்டியலை உங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே எழுதிவிட்டேன்; அதில் மூன்றாவது தவறு. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன். அதன் கடைசியில் இருக்கும் நன்றியை அடிக்கவில்லை.

உங்கள் அண்ணாத்த,
வரதராஜன்