நூறு சதவீத வளர்ச்சி

என்னங்க,

இன்று காலை கண் விழித்ததும் முதலில் போனைத்தான் பார்த்தேன். நீங்கள் அழைத்திருக்கவில்லை.

காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுப்பதில் எந்த நாடு வேகமாக வளர்கிறது என்று ஒப்பிடுவதுதானே என் வேலை. இந்த வருடம் நம் நாடு முதலிடம். நீங்கள் காற்றாலை நிறுவப் போன நாடு எங்கோ பின்னால். நேற்று அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், நம்மகிட்ட முன்னாடி கொஞ்சம்தானே இருந்துச்சு. ஒண்ணு ரெண்டானாலே நூறு சதவீத வளர்ச்சிதான். அவங்ககிட்ட ஏற்கெனவே மலை மாதிரி இருக்கு."

"ஏம்மா, நாலு பேர் சந்தோஷமா இருந்தா உனக்குப் பொறுக்காதா?" என்று மேலாளர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மாதம் ஒருமுறை பேசிய நீங்கள் இப்போது இரண்டு முறை பேசுகிறீர்கள். "அவர் இப்பல்லாம் அடிக்கடி பேசறார்க்கா" என்று அக்காவிடம் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். "உங்க இஷ்டம்" என்றேன். அது பொய்.

அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீண்ட விடுப்பு போட்டுவிட்டு அங்கே வரப்போகிறேன். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி