கூவாமல் விட்ட பெயர்

மாட்டுங்கா,
14-2-1966

அன்புள்ள அம்மாவுக்கு, சொர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

பள்ளிக்கூடத்தில் நான் சாஃப்ட்பால் என்ற பந்தாட்டம் பழக்கும் பெண்களில் கோமதி என்று ஒருத்தி. போன பந்தயத்தில் லேசான பந்தைத் தவறவிட்டாள், தோற்றோம். எல்லார் முன்னாலும் அவளைத் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து பந்து வந்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். நானே வேண்டுமென்று பந்தைக் கீழே விட்டுச் சிரித்துக்கூடக் காட்டினேன். பலிக்கவில்லை.

நேற்று அவளே கேட்டாள். "இன்னும் கோவமா டீச்சர்?"

"இல்லவே இல்லட்டி."

"அப்ப பந்து என் பக்கம் வந்தாலும் ஏன் மத்தவ பேரையே சொல்லுதீங்க?"

பந்து உயரே எழும்பினால், பிடிக்க வேண்டியவள் பெயரை நான்தான் கூவ வேண்டும். அவள் பெயரை விட்டுவிட்டது எனக்கே தெரியவில்லை, அம்மா. இன்று தொண்டை கட்டும்வரை கூவினேன். அவள் கை நீளவில்லை. இனி என்ன செய்வேன்?

தபாலுக்கு நேரமாகிவிட்டது. கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். அப்பாவிடம் சொல்லாமல் இங்கே வேலைக்கு வந்தது என் தப்புதான். மூன்று வருஷமாக ஒரு வரி போடாத அப்பா இப்போதும் கடிதம் எழுத வேண்டாம். பார்சலின் மேல் என் பெயரை மட்டும் அவர்கள் கையால் எழுதட்டும்.

சொர்ணம்