உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது

அக்கா,

இன்று காலை அண்ணி என் பழைய ரவிக்கையை மடித்துக்கொண்டிருந்தபோது, அதன் கொக்கியில் ஒயின் நிறத்தில் ஏதோ சிக்கியிருப்பதை முதலில் நான்தான் பார்த்தேன். அண்ணி பிடித்து இழுத்தார். அது நீண்டுகொண்டே வந்தது.

"எந்தத் துணியோட நூலு இது, இவ்ளோ நீளமா?"

"தெரியல அண்ணி," என்றேன்.

அது நூல் இல்லை. நீங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்து என் குட்டை முடியோடு சேர்த்துப் பின்னிய சவுரி. அதை வைத்துப் பின்னிய அன்று நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், நான் பள்ளியை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் நீங்கள் பெரிய பெரிய மஞ்சள் பூப் போட்ட உங்கள் ஊர்த் துணியோடு வந்தீர்கள். உகாண்டாவிலிருந்து படிக்க வந்து, படிப்பு பாதியில் நின்று, கம்போங் மேடானில் ஒரு அறையில் காசுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தீர்கள். முதலாளியம்மா உங்களைப் பார்த்ததும் "ஆர்டர் ஃபுல்" என்றார். அப்போது மேசையில் ஒரு துணிகூட இல்லை. நான் உங்கள் பின்னாலேயே படியிறங்கி வந்து, பேச்சு வராமல், துணிக்காகக் கையை மட்டும் நீட்டினேன். வீட்டில் வைத்துத் தைத்தேன். அதைக் கொடுக்க அண்ணனோடு மோட்டார் சைக்கிளில் வந்தேன். அவனை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது நான்தான், அக்கா. அதிலிருந்துதான் எல்லாம்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு உங்கள் அறைக்குப் பெண்கள் வருவார்கள். நைஜீரியா, தான்சானியா, உங்கள் ஊர். எல்லாரும் படிக்க வந்தவர்கள். என் வேலை சவுரியைச் சரிசமமாகப் பிரித்துக் கொடுப்பது, பின்னி முடித்ததும் நுனிகள் அவிழாமலிருக்கக் கொதிநீரில் முக்குவது. வெந்நீர் பட்ட பிளாஸ்டிக் முடியின் வாடை அறை முழுக்க இருக்கும். நீங்கள் சீப்பால் வகிடு எடுத்துக்கொண்டே அவர்களுக்குப் புத்தி சொல்வீர்கள். ஆங்கிலமும் மலாயுமாக நீங்கள் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"இருட்டின பிறகு மட்டும் மெசேஜ் அனுப்புகிறானா? பட்டப்பகலில் மாமாக் கடைக்குச் சாப்பிடக் கூப்பிடு. எல்லாரும் பார்க்கிற மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடட்டும். வரமாட்டான் என்றால் நீ அவனுக்கு ரகசியம், காதலி இல்லை."

லிஃப்டில் பக்கத்தில் நின்றால் நகர்ந்து போகிறவர்களையும், அறை காலி என்று போட்டுவிட்டு முகத்தைப் பார்த்ததும் இல்லை என்கிறவர்களையும் பற்றிச் சொல்லி அந்தப் பெண்கள் அழுவார்கள். அழும்போது தலையை ஆட்டக்கூடாது என்று மண்டையில் தட்டுவீர்கள். எல்லாரும் சிரிப்போம். தோழிகளைப் பற்றியும் சொல்வீர்கள். "உன் முடியைத் தொட்டுப் பார்க்கிறவளெல்லாம் தோழி இல்லை. உனக்குக் கேடு வருவது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறவள், அவன் பக்கம் நிற்கிறாள். நடுவில் நிற்க இடமே கிடையாது."

பேசிப் பழகினால் ஆங்கிலம் வரும் என்று வீட்டில் சொல்லித்தான் நான் வருவேன். அம்மாவுக்கு அது பாதிதான் பிடிக்கும். "நீயே கருப்பு. அவகூட நின்னா இன்னும் கருப்பா தெரிவ லா," என்பார். அதை உங்களிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அப்படியானால் உன் அம்மாவை வரச் சொல். என் பக்கத்தில் நின்றால் வெள்ளையாகத் தெரிவார்!" அம்மா எனக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைக் கிரீமை அன்று இரவே குப்பையில் போட்டேன். மறுநாள் அம்மா இன்னொன்று வாங்கினார்.

அண்ணன் உங்களைச் சாப்பிடக் கூட்டிப்போவதைப் பெண்களிடம் பெருமையாகச் சொல்வீர்கள். "என்னுடையவன் வருகிறான். பகலில், மாமாக் கடையில், எதிரே உட்கார்ந்து." அவர்கள் கைதட்டுவார்கள். நான் குனிந்து சவுரி பிரித்துக்கொண்டிருப்பேன். ஏனென்றால் எந்தக் கடை என்று எனக்குத் தெரியும். எங்கள் சுங்கை வேயில், வீட்டுக்குக் கீழேயே இரண்டு மாமாக் கடைகள் உண்டு. அங்கே எல்லாரும் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவன் உங்களை அங்கே ஒரு டீ குடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. செலாயாங்வரை கூட்டிப்போவான். அங்கே அவனை ஒரு ஆளுக்கும் தெரியாது. அம்மாவிடம் ஃபேக்டரியில் ஓவர்டைம் என்பான்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அக்கா. அத்தனை பெண்களுக்கும் சட்டம் போட்டுக் கொடுத்த நீங்கள், ஏன் அவ்வளவு தூரம் என்று அவனை ஒரு தடவை கேட்டிருக்கலாம். பகல், மேசை, நாற்காலி எல்லாம் பார்த்தீர்கள், ஊரைப் பார்க்கவில்லை. இப்படி உங்கள் மேல் பழி போடும்போது எனக்குக் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது. அப்புறம் என் முறை வந்துவிடுகிறது.

கிள்ளானில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். சிவப்பான பெண் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னார். நிச்சயத்துக்கு முதல் நாள் அண்ணன் என்னிடம், "அவ ரூமுக்குப் போய் எதையும் உளறிடாத. நானே பேசிக்கிறேன்," என்றான். நிச்சயத்தன்று காலை உங்கள் அறைக்கு வந்தேன். உறவில் ஒரு விசேஷம் என்றேன். இரண்டு மணி நேரம் பின்னினீர்கள். மல்லிகையை எங்கே சொருகுவது என்று தெரியாமல் போனில் படம் பார்த்துச் சொருகினீர்கள். "நீதான் அங்கே அழகாக இருக்கப் போகிறாய், தங்கச்சி," என்றீர்கள். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொன்னீர்கள். சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். "தலையை ஆட்டாதே," என்று தட்டினீர்கள். ஆட்டவில்லை.

கல்யாணத்தில் அண்ணன் ஒரு முடிச்சுப் போட்டான். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் தங்கை போடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணியின் கழுத்துக்குப் பின்னால் நின்று நான்தான் போட்டேன். "என் மக கை, முடிச்சு அவுறவே அவுறாது," என்று அம்மா பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்தக் கையைப் பழக்கியது நீங்கள்.

அதற்குப் பிறகுதான் அவன் உங்களோடு பேசினான். பேசவில்லை, மெசேஜ் அனுப்பினான். அனுப்பிவிட்டு உங்கள் எண்ணைத் தடுத்துவிட்டான். அந்த ஞாயிறும் நான் வெட்கமில்லாமல் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு பெண்ணுக்குப் பின்னிக்கொண்டிருந்தீர்கள். திரும்பாமலே கேட்டீர்கள்.

"அன்றைக்கு உன் தலையைப் பின்னியது எதற்கு?"

என் குரல் வரவில்லை. பள்ளியில் வராததுபோலவே. நீங்கள் என் மடியிலிருந்த சவுரிக் கற்றையை எடுத்துக்கொண்டீர்கள். "இனிமேல் நானே பிரித்துக்கொள்கிறேன்," என்றீர்கள். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். ஆங்கிலத்தில் 'தேங்க் யூ' என்றும் சொன்னீர்கள், பின்னிக்கொண்டு காசு கொடுக்கிறவர்களுக்குச் சொல்வதுபோல.

அடுத்த மாதம் ஒரு வியாழன் வேலை முடிந்து மன்னிப்புக் கேட்க வந்தேன். கதவு சாத்தியிருந்தது. வெளியே உங்கள் நீலச் செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. உள்ளே இருக்கிறீர்கள், என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துத் தட்டாமல் இறங்கினேன். சனிக்கிழமை மறுபடி வந்தேன். செருப்பு அப்படியே இருந்தது, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. அப்போதும் தட்டவில்லை. ஞாயிறு மூன்று மணிக்குப் பின்னிக்கொள்ள வந்த பெண்கள் தட்டினார்கள். அவர்கள் உங்களைத் தூக்கிப்போன மருத்துவமனையில், டெங்கி, முற்றிவிட்டது என்று சொன்னார்களாம். செவ்வாய்க்கிழமை நீங்கள் இல்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். எனக்கு வந்த குரலில் அதுதான் பெரியது. அண்ணன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "அப்படியா," என்றான். பிறகு அண்ணியிடம், "ரசம் ஊத்து."

ஆறு மாதம் ஆகிறது. கடைக்கு வரும் பெண்கள் யாராவது காதலனைப் பற்றிப் பேசினால் எனக்குள் உங்கள் குரல் கேட்கிறது. பகலில் வருகிறானா, எந்த ஊரில் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பதில்லை. மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி என்னிடம் இல்லை.

அண்ணி இப்போது நான்கு மாதக் கர்ப்பம். நல்லவர். நான் பேசாவிட்டாலும் என்னோடு பேசுகிறவர். ஒரு மாதமாக ஞாயிறு தோறும் அண்ணனுக்கு மறுபடி ஓவர்டைம். அண்ணி விடியற்காலை எழுந்து சோறு கட்டிக் கொடுக்கிறார். மாலையில் அந்தச் சோறு அப்படியே திரும்பி வருகிறது.

இன்றும் அப்படித்தான் வந்தது. அண்ணன் குளிக்கப் போனதும், அண்ணி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழம அவங்க ஃபேக்டரி தொறந்திருக்குமா? உனக்குத் தெரியுமா?"

அடுப்படியிலிருந்து அம்மாதான் பதில் சொன்னார். "அவகிட்ட போயி கேக்கற? வாயில்லாத பொண்ணு, அவளுக்கு என்னா தெரியும்!"

நான் அண்ணியை அறைக்குள் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"ஞாயித்துக்கிழம பூட்டித்தான் இருக்கும் அண்ணி," என்றேன். "முன்னாடியும் அண்ணன் இப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க."

அண்ணி கட்டிலில் உட்கார்ந்தார். நான் உங்கள் பெயரிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.