முழங்காலில் நிற்கும் வண்டி

செப்டம்பர் 7, ஞாயிறு. காலையில் சாரல். பிறகு வெயில்.

எழுத்து கோணிக் கோணிப் போகிறது. சில எழுத்து பெரிது, சில எழுத்து நண்டுக் குஞ்சு. ஆயுசு முழுக்க மடிவலைக் கயிறு பிடித்த கை. பேனாவையும் அப்படியே அமுக்குகிறது. தாளில் ஓட்டை. படிக்கப் போவது நான்தான் என்பதால் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரிக்கு ஒரு கட்டன் சாயா ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன ஒரு சந்தோஷம்! நான் நினைத்தது எனக்கு முன்னாலேயே கிடக்கிறது, காய்ந்த கருவாடு மாதிரி, எடுத்துப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்து முதியோர் வகுப்பில் இந்த வருடம்தான் சேர்ந்தேன். இப்போது பஸ் பலகை, கடைப் பலகை, தீப்பெட்டி எல்லாம் படிக்கிறேன்.

மகன் கில்பர்ட் சவுதியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. பழைய சொகுசு வண்டி ஒன்று, பெரியது, உயரமானது, வாங்கிக் கல்யாணங்களுக்கு மணப்பெண் கார் ஓட்ட எண்ணம். சோறு உண்ணும்போது சொன்னான்: "ஓடிச்சின்னா இங்கயே கெடப்பேன் எப்பா. ஓடல்லன்னா திரும்பப் போவணும்."

சும்மா சொன்ன மாதிரிதான் சொன்னான். மீசை முளைத்த நாள் முதல் அவனை நான் லீவில்தான் பார்த்திருக்கிறேன்.

"புக்கிங் எல்லாம் நீங்கதான் எழுதணும். கலண்டர்ல" என்றும் சொன்னான். எனக்கு ஒரு வேலை!

செப். 8, திங்கள். மாதா பிறந்தநாள். நல்ல வெயில்.

திருவனந்தபுரம் போனோம். நான், கில்பர்ட், மார்த்தாண்டம் மெக்கானிக் சசி. களியக்காவிளை தாண்டியதும் பலகை எல்லாம் மலையாளம். ஒரு நிமிடத்தில் மறுபடி எழுத்தறியாதவன் ஆகிவிட்டேன்.

பார்த்தவை:
வெள்ளை. அழகு. கதவு ஓரத்தில் மட்டும் பெயின்ட் வேறு நிறம். சசி தட்டிப் பார்த்தான். "இது எங்கயோ கொண்டு இடிச்சது. வேண்டாம்."
சாம்பல். ஸ்டார்ட் பண்ணினதும் புகை. சாதா ஸ்பிரிங் வண்டி. விலை குறைவு. சசிக்கு இதுதான் சம்மதம்; புகையைச் சரி பண்ணிவிடலாம் என்றான்.
கறுப்பு. ஜெர்மன். ஒரு டாக்டர் வைத்திருந்தது. வேறு கை மாறவில்லை. டயர் புதிது. சசி கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.

நான் பார்த்தது ஒன்றுதான். எனக்கு முட்டு வலி. கறுப்பு வண்டியின் கதவைத் திறந்தேன். புஸ் என்று ஒரு மூச்சு. நின்ற வண்டி தானாகத் தாழ்ந்தது. ஏறி உட்கார்ந்து கதவை அடைத்ததும் எழும்பியது. "ஒட்டகம்லா இது!" என்றான் கில்பர்ட். இத்தனை பெரிய வண்டி எனக்காகப் பணிகிறது. இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சசி கில்பர்ட்டை ஓரமாகக் கொண்டுபோய்ச் சொன்னான். எனக்கும் கேட்டது. "அண்ணே, வண்டி நல்ல வண்டி. பட்சே இதுக்கு ஸ்பிரிங் கெடயாது. காத்துப் பையிலயாக்கும் நிக்குது. ஒங்களுக்க ஊரு கடப்புறம். உப்பு ஆவாது கேட்டியளா."

"மழை?"

"மழை எவ்வளவு வேணும்னாலும் பெய்யட்டும். உப்புத்தண்ணி மட்டும் வேண்டாம்."

கில்பர்ட் என்னைப் பார்த்தான். நான் இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. கறுப்பையே வாங்கினான்.

செப். 10, புதன். மேகம். காற்று இல்லை.

பேச்சிப்பாறை வரை ஓட்டிப் பார்த்தோம். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கவில்லை. என் வீட்டுக்காரி திரேசம்மாள் பின்னால். ஏசிக் குளிர் தாங்காமல் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஐஸ் பெட்டிக்குள்ள வச்ச சாளை மீனு மாதிரி ஆயிட்டேன்" என்றாள். கில்பர்ட் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்க்கும் இடத்தில் நான் இருந்ததில்லை.

முதல் புக்கிங். அருமனையில் ரப்பர் வியாபாரி வீட்டுக் கல்யாணம், வரும் திங்கள். கலண்டரில் 15ஆம் கட்டத்தில் நான் எழுதினேன்: அருமனை, மணப்பெண். கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிந்துவிட்டது.

செப். 14, ஞாயிறு. மழை இல்லை. வேறென்ன எழுத.

நேற்று நடந்தது.

பங்குச் சாமியார் வந்து வண்டியை மந்திரித்தார். தீர்த்தம் தெளித்தார். எல்லாருக்கும் லட்டு. அதோடு விட்டிருக்கலாம்.

எங்கள் கரையில் புது வள்ளத்தை மந்திரித்தால் மட்டும் போதாது. அன்றைக்கே கடலில் இறக்கி, முதல் அலை அதன் அணியத்தில், முன் மூக்கில், அடிக்க வேண்டும். அடித்தால்தான் அது அந்த வீட்டு வள்ளம். என் வள்ளம் ஒவ்வொன்றையும் அப்படித்தான் இறக்கினேன். வண்டியும் பிழைப்புக்குத்தானே, கடலுக்குக் கொண்டுபோவோம் என்றேன்.

"அது வள்ளம் இல்லல்லா எப்பா. சசி என்ன சொன்னான்? கேட்டீங்கல்லா."

"முன் சக்கரம் நனைஞ்சா போரும் மக்கா. ஒரே ஒரு அலை. பொறவு நல்ல தண்ணில கழுவிரலாம்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் சாவியை எடுத்தான்.

வள்ளம் இறக்கும் சரிவு வழியாகப் போனோம். மணல் இறுகித்தான் இருந்தது. அலை வந்தது, சக்கரம் நனைந்தது. உடனே பின்னால் எடுத்திருந்தால் ஒன்றும் இல்லை. எடுக்கத்தான் இருந்தான். நான் கதவைத் திறந்தேன். கையை நீட்டிக் கடல் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட.

புஸ்.

வண்டி எனக்காகத் தாழ்ந்தது. அதன் வயிறு மணலில் உட்கார்ந்தது. அடுத்த அலை திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது. அதற்கடுத்தது பெரிது. என்ஜின் நின்றது.

கரைமடிக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஊரே வந்துவிட்டது.

"ஏலே, ஜெர்மன் சுறா பாருலே!"

"வாலப் புடிச்சு இழுக்காத, தலையப் புடி!"

"ஏலத்துல போட்டா எவம்லே எடுப்பான் இத?"

சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். கரையேறிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வள்ளம் என்றால் சரியாகிவிடும்.

வீட்டு முற்றம் வரை தள்ளிக்கொண்டு வந்தோம். குழாய்த் தண்ணீரில் நாலு தடவை கழுவினேன். இன்று காலை பார்த்தால் வலது முன்பக்கம் எழும்பவில்லை. ஒரு முட்டு மடக்கி, கோயிலில் நிற்பது மாதிரி நிற்கிறது.

செப். 15, திங்கள். வெயில். கல்யாணத்துக்கு நல்ல நாள்.

பெண்ணின் அப்பாவுக்குக் கில்பர்ட் நேற்றே போன் பண்ணியிருக்கிறான். இன்று அவர் திரும்பக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். கில்பர்ட் முற்றத்தில் நின்று, "வண்டிக்கு ஒரு சின்ன வேலை வந்துட்டு சார். மன்னிச்சுக்கிடணும் சார். எனக்க தப்புதான் சார்" என்றான். எங்க அப்பா என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யாரோ ஒருவருடைய வெள்ளை வண்டியில் பெண் போயிருப்பாள்.

செப். 17, புதன். புழுக்கம்.

சசி வந்தான். சீட்டைக் கழற்றினான். அடியில் ஒரு கறுப்புப் பெட்டி, பிரியாணிப் பொதி அளவு. அதுதான் வண்டிக்கு மூளையாம். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. காற்று அடிக்கும் மோட்டார், அதுவும் போச்சு. வயர் எல்லாம் பச்சை.

"சாமான் கொச்சில இருந்து வரணும். சிலது கொச்சிலயும் கெடயாது."

தொகை சொன்னான். எனக்கு இப்போது இலக்கமும் எழுதத் தெரியும். எழுதவில்லை.

"இன்சூரன்ஸ்?" என்றான் கில்பர்ட்.

"கடலு வந்து வண்டியில ஏறினா கேக்கலாம் அண்ணே. வண்டி போயி கடல்ல ஏறினா என்ன கேக்க?"

பிறகு சசி என் பக்கம் திரும்பினான். "பாட்டா, நான் சொன்னேம்லா. ஒங்க காதுல விழல்லியா?"

நான் வாயைத் திறக்குமுன் கில்பர்ட், "ஓட்டினது நான்லா. அவர என்னத்துக்குக் கேக்குத?" என்றான்.

திட்டினால் என்ன. ஒரு தடவை திட்டினால் என்ன.

செப். 19, வெள்ளி. கடலில் இரைச்சல்.

திரேசம்மாள் என்னோடு பேசி ஆறு நாள். இன்று பேசினாள். அயிலை மீன் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல்.

"அவன் சின்னதுல காய்ச்சல்ல கெடக்கும்போ நீரு கடல்ல கெடந்தீரு. வளந்த பொறவு அவன் அங்க கெடந்தான். இப்பம் ஒரு வண்டி வந்து அவனப் புடிச்சு நிறுத்திச்சு. அதையும் கொண்டு போயி ஒமக்க கடலுக்கே காட்டினீரு."

"நல்லதுக்குத்தான்..."

"ஆமா, நல்லதுக்கு."

கலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாள். என் எழுத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

சாயங்காலம் கில்பர்ட் முற்றத்தில் சவுதிக்குப் போனில். "பழைய கேம்ப்தானா பாய்? ... செரி. ... இல்ல, இங்க ஒண்ணும் அமையல்ல." பேசும்போது வண்டியின் மடங்கிய பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். மருமகள் வாசல்படியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஜெபமாலையில் என் மனம் நிற்கவில்லை. மாதாவிடம் என்ன கேட்பது? வண்டியைத் தூக்கி நிறுத்து என்றா?

செப். 20, சனி. தூறல்.

பழைய வண்டிச் சாமான் எடுக்கிறவன் லாரி கொண்டு வந்தான். வண்டி எழும்பாததால் பலகை போட்டுத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. அன்றைக்குக் கயிறு இழுத்தவர்களே வந்தார்கள். இன்று ஒருத்தனும் கேலி பேசவில்லை. "மெல்ல, மெல்ல" என்று மட்டும், சவப்பெட்டி தூக்குகிற மாதிரி.

ஏற்றும்போது நான் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். ஏன் என்று தெரியாது. அந்தப் புஸ் மூச்சு வரவில்லை. உள்ளே கொஞ்சம் மணல். ஒரு சிப்பி.

செப். 21, ஞாயிறு. வெயில்.

முற்றத்தில் அது நின்ற இடத்தில் ஒரு குழி. வலது பக்கம் ஆழம்.

கில்பர்ட்டுக்கு டிக்கெட் வந்துவிட்டது. பூசை முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுடைய பழைய போனை என் கையில் தந்தான். தமிழ் எழுத்துகளை எப்படித் தொட வேண்டும் என்று காட்டினான்.

"இனி போன்ல சத்தம் போட்டுப் பேசாண்டாம் எப்பா. எழுதிப் போடுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து படிப்பேன்."

"என்னத்த மக்கா எழுத?"

"சும்மா. இன்னைக்கு என்ன மீனு பட்டுதுன்னு எழுதுங்க."

"மக்கா, அந்தக் கதவு நான் தொறக்காம இருந்தா..."

"தொறந்தாச்சில்லா" என்றான். கோபமே இல்லை. என் பனியன் தோளில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டான்.

இதற்காகவா நான் எழுத்துப் படித்தேன்? அவன் வீட்டில் இருப்பான், நான் கலண்டரில் எழுதுவேன், கட்டம் எல்லாம் நிறையும் என்றல்லவா இருந்தேன்.

கலண்டரைத் திருப்பிப் போட்டேன். 15இல் அருமனை, மணப்பெண். வழிந்த எழுத்து அப்படியே இருக்கிறது. 28ஆம் கட்டத்தில் எழுதினேன்: கில்பர்ட், விமானம். கட்டத்துக்குள்ளேயே அடங்கியது. கோணவில்லை, ஓட்டை விழவில்லை.

கில்பர்ட் வந்து பார்த்தான். "எழுத்து நல்லா வந்துட்டு எப்பா" என்றான்.

அன்றைக்கும் ஞாயிறுதான். அவனைத் திருவனந்தபுரத்தில் ஏற்றிவிட்டு வந்து, என்ன மீன் பட்டது என்று பார்த்து அவனுக்கு எழுத வேண்டும்.